கையெழுத்து நேரத்து இசை

எனக்குப் பிடித்த இசையில் வார்த்தையே கிடையாது. இதைச் சொன்னால் எங்கள் ஊரில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பாட்டு என்றால் யாராவது வாயைத் திறக்க வேண்டாமா? கல்யாணமான நாளிலிருந்து என் மனைவிக்கும் இதே சந்தேகம்தான். "இது எப்பத்தான் பாட ஆரம்பிக்கும்?" என்று அடுக்களையிலிருந்து கேட்பாள். ஆரம்பிக்கவே போவதில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே கேட்பாள்.

இந்தப் பித்து பிடித்ததற்குக் காரணம் என் அம்மா. சினிமாப் பாட்டு வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவள் சட்டம். பாமாலை, கீர்த்தனை, மிஞ்சினால் கிறிஸ்துமஸ் கேரல், அவ்வளவுதான். ஒரு விடுமுறைக்கு பஹ்ரைனிலிருந்து வந்த மாமா ஒரு கேசட் கொண்டு வந்தார். வெளிநாட்டு கிட்டார் குழுக்கள் வாசித்தது, ஒன்றில்கூடப் பாடகர் இல்லை. அம்மா டேப்புக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். "இதுல கெட்ட வார்த்த ஒண்ணும் இல்லியே" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அம்மா விட்ட அந்தச் சந்து வழியாகத்தான் ராக் இசை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. வார்த்தை இருந்தால்தானே பாவம் எது என்று பிடிக்க முடியும்!

அந்தக் கேசட்டில் இருந்தவற்றில் பலவற்றை இப்போது போனில் கேட்கிறேன். நாலு பேர் வாசிக்கும் ஒன்று உண்டு. கிட்டார் ஒரு சுரத்தை மீட்டும், அது எதிரொலித்து அடங்குமுன் அடுத்ததை மீட்டும். இன்னொன்றில் ஆர்கனும் டிரம்மும் ஒன்றையொன்று துரத்தும். யார் ஜெயித்தார்கள் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியவில்லை. குதிரையும் துப்பாக்கியுமாக அலையும் இங்கிலீஷ் படம் ஒன்றுக்காகப் போட்டதும் உண்டு, அதில் ஒருவன் விசிலடிக்க மற்ற வாத்தியம் எல்லாம் பின்னால் வரும். நம்முடைய சினிமாப் பாட்டிலும் எனக்குப் பிடித்தது நடுவில் வரும் வாத்தியம் மட்டும்தான். முதல் சரணத்துக்கும் இரண்டாவது சரணத்துக்கும் நடுவே வயலின் எல்லாம் சேர்ந்து கிளம்பும் பாருங்கள், அந்த நேரத்தில் பாடகர் திரும்ப வாயைத் திறந்தால் எனக்குக் கோபம் வரும். அட, இன்னும் கொஞ்சம் பொறுக்கக்கூடாதா என்று இருக்கும். இவை போதாதென்று குளச்சல் பக்கம் திருவிழாவுக்கு வரும் பேண்டு செட் வேறு. ஊரெல்லாம் பாடித் தேய்த்த பாட்டை டிரம்பெட்டில் ஊதும்போது அது முதல்முறையாகக் கழுவி எடுத்ததுபோல இருக்கும். ஊதுகிறவர் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவது உட்படக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் எதையும் உட்கார்ந்து கேட்க என்னால் ஆகாது. இசை தொடங்கினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. முன்வாசல் கேட்டிலிருந்து பின்பக்கக் கிணறு வரை நடப்பேன், திரும்பி வருவேன். கடையிலும் இதே கதைதான். தக்கலையில் எனக்கு ஒரு பெயிண்ட் கடை இருக்கிறது. நிறம் கலக்கும் இயந்திரம் குலுங்குகிற நேரத்தில்கூட நான் கல்லாவுக்கும் வாசலுக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பேன். "குட்டி போட்ட பூன மாதிரி இப்பிடி நடந்தா எப்பிடி? ஒரு எடத்துல இரியுங்க" என்பாள் மனைவி. எங்கள் மகள் குழந்தையாக இருந்தபோது என் பின்னாலேயே நடப்பாள். நான் திரும்பினால் அவளும் திரும்புவாள். அவளுக்கும் இதே நோய் ஒட்டிவிட்டது என்று வீட்டில் என்னைத்தான் குறை சொல்வார்கள்.

கிட்டாரை நானாகத்தான் கற்றேன். அதனால் நன்றாக வாசிப்பேன் என்று சொல்ல மாட்டேன். என் கை ஓடும். தாளம் ஒரு வேகத்தில் இருக்க, நான் இன்னொரு வேகத்தில் போய்க்கொண்டிருப்பேன். அந்தக் கேசட்டில் நீளமான ஒன்று இருந்தது. மூன்று பகுதி. முதலில் மெதுவாகப் புலம்பும். இரண்டாவதில் தாளம் சேரும். மூன்றாவது பகுதி மேலே மேலே ஏறி, உச்சியில் ஒரே ஒரு சுரத்தில் நின்று முடியும். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான். அதைத்தான் ஒருநாளும் ஒழுங்காக வாசித்ததில்லை. மூன்றாவது பகுதி வந்ததும் வீட்டில் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவன்போல ஓடிவிடுவேன்.

இப்படி வாசிக்கிறவனுக்கும் எங்கள் சபையில் ஒரு வேலை கிடைத்தது. ஆலயத்தில் கல்யாணம் நடந்தால், தாலி கட்டி முடிந்ததும் மணமக்களைப் பக்கத்திலுள்ள வெஸ்ட்ரி அறைக்குக் கூட்டிப் போவார்கள். அங்கே பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டபின் இரண்டு தகப்பன்மாரும் சாட்சிக்குப் போட வேண்டும் என்பது எங்கள் சபையின் வழக்கம். அந்த நேரம் முழுக்க ஆலயத்தில் ஒன்றும் நடக்காது. ஜனங்கள் விசிறிக்கொண்டு, பிரியாணியை நினைத்துக்கொண்டு இருப்பார்கள். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் என் வேலை. பாடகர் குழுவின் பக்கத்தில் ஒரு நாற்காலி, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், நான்.

முதல் தடவை வாசித்தபோது கமிட்டியில் இருந்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் என்னை நிறுத்தினார். "இதுக்கு வார்த்த உண்டா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"வார்த்த இல்லாட்டா கொள்ளாம், வாசியும். ஆனா சத்தத்த கொஞ்சம் கொறச்சு வையும்."

அம்மாவின் சட்டமேதான். அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. பெண்ணின் தகப்பன் அந்தக் கதவுக்குள் போவதை அந்த நாற்காலியிலிருந்து எத்தனை முறை பார்த்திருக்கிறேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சட்டைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டு போவார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். பாவம், இதற்குப் போய் அழுகிறாரே என்று நினைத்தபடி நான் வாசித்துக்கொண்டிருப்பேன்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் நர்ஸ். மாப்பிள்ளை அயர்லாந்தில் இருக்கிறார், அவளுக்கும் அங்கே வேலை தயார். கல்யாணம் முடிந்து சில நாளில் விமானம். நல்ல பையன், நல்ல குடும்பம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லாததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் போவதை நான் விரும்பவில்லை. வெளியே சொல்ல முடியுமா? ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள். நான் மட்டும் என்ன தனிப்பிறவியா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே வந்து கேட்டாள்.

"அப்பா, எனக்க கல்யாணத்துக்கு நீங்கதான் வாசிக்கணும். அந்த நீளமான பாட்டு. முழுசும்."

"அது எனக்கு வராது மக்ளே."

"வரும். ஓடப்பிடாது, அவ்வளவுதான்."

அன்று தொடங்கியது. அழைப்பிதழ் அடிப்பது, பந்தல்காரன், சமையல்காரன் எல்லாவற்றையும் மனைவி பார்த்துக்கொண்டாள். நான் கிட்டாரை வைத்துக்கொண்டு மூன்றாவது பகுதியோடு மல்லுக்கட்டினேன். ஓடினேன், நிறுத்தினேன், எழுந்து நடந்தேன், திரும்ப வந்தேன். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டு, பெண்ணைப் பெற்றவனுக்குக் கவலை இருக்காதா என்றார்கள். கவலைதான். சரியாக வாசித்தால் அவள் போவது கொஞ்சம் குறைவாக வலிக்கும் என்று எனக்குள் ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

கல்யாணத்தன்று அவள் கையைப் பிடித்து நடுவழியாகக் கூட்டிப் போய் மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்தினேன். தாலி கட்டினார்கள். மணமக்கள் வெஸ்ட்ரிக்குள் போனார்கள், கதவைச் சாத்தினார்கள். நான் நேராகப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாருக்கும் அதில் விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. கல்யாணம் என்றால் நான் அங்கேதானே இருப்பேன்.

முதல் பகுதி நன்றாக வந்தது. இரண்டாவதும் வந்தது. இந்தத் தடவை ஓட மாட்டேன் என்று கைக்கே தெரிந்ததுபோல இருந்தது. மூன்றாவது பகுதிக்குள் நுழையப் போகிறேன், ஒலிபெருக்கியில் போதகரின் குரல் கேட்டது.

"மணமகளின் தகப்பனார் கையெழுத்திட வரவும்."

யாரைக் கூப்பிடுகிறார் என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பார்த்தேன். பாடகர் குழுவில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபிறகுதான் உறைத்தது. நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை மகள் மறந்திருக்கிறாள், மனைவி மறந்திருக்கிறாள், போதகருக்கும் இப்போதுதான் நினைவு வந்திருக்கிறது. இத்தனை தகப்பன்மாருக்கு வாசித்த நானே மறந்திருக்கிறேன். கிட்டாரை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தேன். ஆலயம் முழுக்கச் சிரிப்பு.

உள்ளே மாப்பிள்ளையின் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். "நீங்க அங்க இருந்து வாசிச்சிட்டேதான் இருப்பீங்கன்னு எல்லாரும் நெனச்சிட்டோம்" என்றார் போதகர். காட்டிய இடத்தில் போட்டேன். என் கையெழுத்து என்னுடையதுபோலவே இல்லை. மகளைப் பார்த்தேன். முகத்துக்குப் போட்டிருந்த பூச்செல்லாம் கலையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முழுசும் வாசிக்க முடியலியே மக்ளே" என்றேன்.

"போய் வாசியுங்க. நீங்க முடிச்ச பொறவுதான் நாங்க வெளிய வருவோம்."

போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதிவேட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்து மூன்றாவது பகுதியைத் தொடங்கினேன். கை ஓடவில்லை. ஒவ்வொரு சுரமும் அதனதன் இடத்தில் விழுந்தது. என் வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. மேலே ஏறி, ஏறி, உச்சிக்கு ஒரு சுரம் மட்டும் பாக்கி இருக்கும்போது அந்தக் கதவு என் கண்ணில் பட்டது. இதை வாசித்தால் அது திறக்கும். திறந்தால் அவள் வெளியே வந்து, என்னைத் தாண்டி, அந்தப் பையனோடு நடுவழியாக வாசலுக்குப் போவாள்.

கடைசிச் சுரத்தை வாசிக்காமல் பகுதியின் தொடக்கத்துக்கே திரும்பினேன்.

கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. திரும்ப ஏறினேன், திரும்ப உச்சிக்கு முன்னால் நின்று கீழே வந்தேன். பாடகர் குழுத் தலைவர் என்னைப் பார்த்தார். ஜனங்கள் அசையத் தொடங்கினார்கள், பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. ஹெட்மாஸ்டர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். எனக்கு எல்லாம் தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. உலகத்தில் எதற்கும் ஒரு இடத்தில் இருக்காதவன், அந்த நாற்காலியைவிட்டு அசைய மாட்டேன் என்று இருந்தேன்.

முன்வரிசையிலிருந்து மனைவி எழுந்து வந்தாள். பட்டுச்சேலை சரசரக்க என் பக்கத்தில் வந்து குனிந்தாள். ஏதோ சமையல்கட்டுச் சமாச்சாரம் பேசுகிறாள் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

"போதும்" என்றாள். "பிள்ளைய விடுங்க."

கடைசிச் சுரத்தை வாசித்தேன். கதவு திறந்தது.