ஒன்றரைப் பெட்டிக் கிளி

கைபேசி விளையாட்டுக்காகச் சின்னச் சதுரங்களால் வரைந்த மீனவனை ஒன்றரை மடங்கு பெரிதாக்கினேன். முகம் கலங்கிப்போனது. இந்தக் கலங்கலை எங்கேயோ பார்த்திருக்கிறேனே!

மருதமுனை வீட்டில், மாப்பிள்ளை வந்து குடியேறப்போகும் அறைக்கு என் அக்கா, ராத்தா, பெட்டி பெட்டியாகக் கோடு போட்ட துணியில் விரிப்புத் தைத்தாள். தலையணை உறையில் முன்பு தைத்திருந்த கிளியை விரிப்பில் பெரிதாக்க, ஒரு பெட்டித் தையலை ஒன்றரையாக்கினாள். நூல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின.

"என்ன மகள், கிளிக்குக் காய்ச்சலா?" என்று உம்மா கேட்டார்.

ராத்தா எல்லாவற்றையும் பிரித்து, ஒவ்வொரு பெட்டியையும் நாலாக்கினாள். கிளி தெளிந்தது, நாலு பெட்டிக் கண் மட்டும் முறைத்தது.

"மாப்பிள்ளை பயந்திருவார்கா!" என்று நான் ராத்தாவிடம் சொன்னேன்.

கண்ணில் கதவுப் பக்கம் ஒரு பெட்டிக் கறுப்பை மட்டும் விட்டு, மீதி மூன்றையும் உருவினாள். ராத்தாவைப் போலவே கிளியும் வாசலைப் பார்க்கத் தொடங்கியது.

நானும் மீனவனை இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். கண்ணில் கரைப் பக்கம் ஒரு சதுரத்தை மட்டும் கறுப்பாக விட்டேன். கடலுக்குப் போகிறவன் கரையைத் திரும்பிப் பார்த்தான்.