சுயம்புவுக்குச் செய்த மூன்று பைக் சீட்டுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கரமனையில் ஒரு பெட்ரோல் பங்க் வரிசையில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒருவர், "சார், நீங்கதானே அது?" என்றார். இந்த வாராந்திரப் பத்தியின் தலைக்கு மேல் போடுகிற தபால்தலை அளவு போட்டோவை வைத்து என்னை அடையாளம் காண்பவர்கள் திருவனந்தபுரத்தில் மொத்தம் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர்.

நாற்பது வயதிருக்கும். வங்கி வேலை. பெரிய டூரிங் பைக் வைத்திருந்தார். அடுத்த மாதம் நண்பர்களோடு கோவா போகிறாராம்.

"உங்க சீட் ஆர்ட்டிகிளை கட் பண்ணி வச்சிருக்கேன் சார். நூறு கிலோமீட்டர் தாண்டினா எனக்கும் பின்பக்கம் வலி எடுக்குது. அந்த ஷாஜி கடை எங்கே இருக்கு?"

சொன்னேன். பிறகு, "படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இல்ல சார். ஓட்டும்போது மட்டும்தான்."

"அப்படின்னா சரி."

வரிசை ஒரு வண்டி நகர்ந்தது. "அந்த ஆர்ட்டிகிள்ல உங்க ஃபிரெண்ட் ஒருத்தர் வருவாரே... ஹம்பி போயிட்டு வந்தாரா சார்?"

"இல்லை" என்றேன். அவர் மேலே ஏதோ எதிர்பார்த்து நின்றார். நான் பெட்ரோல் மூடியைத் திறப்பதில் மும்முரமானேன்.

அந்தக் கட்டுரை வந்து ஒன்றரை வருடமாகிறது. அதற்கு வந்த அளவு மெயில்கள் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. ஹம்பி என்ன ஆயிற்று என்று பலர் கேட்டீர்கள். நான் வேறு எதையெதையோ எழுதி மழுப்பிக்கொண்டே வந்தேன். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

அந்த நண்பரின் பெயர் சுயம்பு. சுயம்புலிங்கம். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். டைல்ஸ் வேலைக்கு இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்ட வந்தவர், வாசலில் நின்ற என் பைக்கைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அவரிடமும் ஒன்று இருந்தது. முதல் நாள் டைல்ஸ் வேலையைவிட பைக் பேச்சுதான் அதிகம் நடந்தது. அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் பொன்முடி மலைக்குப் போனோம். அதற்குப் பிறகு ஆறு வருடம், மழை இல்லாத ஞாயிறெல்லாம் பொன்முடிதான்.

காலையில் கிளம்பி, நெடுமங்காடு தாண்டி, வித்துராவில் ஒரு டீ. அப்புறம் ஹேர்பின் வளைவுகள். மேலே கொஞ்ச நேரம் பனிக்குள் நின்றுவிட்டுத் திரும்பினால் பதினோரு மணிக்கு வீட்டில் இருக்கலாம். சுயம்பு என்னைவிட ஏழு வயது சின்னவர். என்னை "அண்ணாச்சி" என்பார்.

ஒரு ஞாயிறு, வித்துரா டீக்கடையில் அவர் பெஞ்சில் உட்காரவில்லை. நின்றுகொண்டே குடித்தார்.

"உக்காருங்க சுயம்பு."

"உக்காந்துதானே அண்ணாச்சி வந்தோம். முதுகெலும்பு முடியுத இடத்துல என்னமோ குத்துது. ஒரு மாசமா இருக்கு. சாரமில்ல."

பரவாயில்லை என்பதற்கு இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் சாரமில்லை என்று விட்டாலும் நான் விடுவேனா? பத்தி எழுதுகிறவன். யூடியூபில் பைக் வீடியோக்களைப் பார்த்துத் தேறியவன். அங்கேயே ஒரு லெக்சர் கொடுத்தேன்.

வண்டியோடு வருகிற சீட் மெத்தென்று இருக்கும், ஷோரூமில் உட்கார்ந்தால் சோபா மாதிரி தெரியும். அதை நம்பக்கூடாது. ஒரு மணி நேரத்தில் ஃபோம் அமுங்கி, எலும்பு நேராக அடித்தகட்டில் போய் உட்காரும். நீண்ட தூரத்துக்குக் கெட்டியான ஃபோம் வேண்டும், அகலம் வேண்டும். முன்பக்கம் சரிவாக இருந்தால் வழுக்கி வழுக்கி டேங்க்கில் போய் இடிப்போம். எலும்பு பதியும் இடத்தில் தையல் வரக்கூடாது...

இதெல்லாம் உண்மைதான். இன்றைக்கும் உண்மைதான். சுயம்புவின் வலிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அவ்வளவுதான்.

கிள்ளிப்பாலம் பக்கம் ஷாஜி என்று ஒருவர் பைக் சீட் தைக்கிறார். ஆளை உட்காரவைத்து அளவெடுத்துத் தைப்பவர். ஒரு சனிக்கிழமை சுயம்புவை அங்கே கூட்டிப்போனேன். ஷாஜி, டி.வி. வந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஸ்டூலில் போட்டு அதன்மேல் சுயம்புவை உட்காரச் சொன்னார். எழுந்ததும் அட்டையில் இரண்டு பள்ளம் இருக்கும். உட்காரும் எலும்புகளின் இடம். அந்த இடைவெளியை அளந்துதான் சீட்டின் அகலத்தை முடிவு செய்வார்.

சுயம்பு எழுந்தார். அட்டையில் ஒரு பள்ளம்தான் இருந்தது.

"வலப்பக்கம் நல்லா பதிஞ்சிட்டுண்டு. இடப்பக்கம் ஒண்ணும் இல்லையே சாரே" என்றார் ஷாஜி. "ஒண்ணுகூடி, இன்னொரு தடவ, நேரா இரிக்கணும்."

இன்னொரு அட்டை. இன்னொரு தடவை. அப்படியேதான் வந்தது. புண்பட்ட பக்கத்தைத் தரையில் படவிடாத குழந்தையைப் போல, சுயம்பு இடப்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். அது அவருக்கே தெரியவில்லை.

ஷாஜி அட்டையையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இருபது வருஷமா ஒரு காலை மடக்கிக் குத்தவச்சு டைல்ஸ் ஒட்டுற உடம்பு ஷாஜி. அப்படியே கோணிப்போச்சு. இடப்பக்கம் அரை இன்ச் ஃபோமைக் குறைச்சுடுங்க."

ஷாஜி குறைத்தார். நான் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அந்த சீட்டில் இரண்டு வாரம் சுயம்புவுக்குக் கொஞ்சம் ஆசுவாசமாக இருந்தது. போதாதா? உடனே உங்களுக்குக் கட்டுரை எழுதினேன். உடம்பின் கோணலைக்கூட ஒரு நல்ல சீட் சரிக்கட்டிவிடும் என்ற தோரணையில் எழுதியிருந்தேன். ஜனவரியில் நாங்கள் இருவரும் ஹம்பி போகிறோம் என்று முடித்திருந்தேன்.

கட்டுரை வந்த மூன்றாவது வாரம் வலி திரும்பி வந்தது. இந்த முறை இடது தொடை வழியாகக் கீழே இறங்கியது. நான் அசரவில்லை. ஃபோமுக்கு நடுவில் ஜெல் பட்டை வைத்து இரண்டாவது சீட். அதற்கும் மசியவில்லை. தென்காசிவரை ஒரு ட்ரயல் போனோம். பாதி தூரம் அவர் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்றபடியே ஓட்டிவந்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன்.

அதற்கடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் பால் வாங்கப் போயிருந்தார். அவர் மனைவி பேச்சியம்மாள் மட்டும் இருந்தார். என்னிடம் அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார்.

"அண்ணாச்சி, அவிய ஒழுங்கா உறங்கியே ரெண்டு மாசமாச்சு. குப்புறப் படுத்தாலும் வலிக்கின்னு எந்திச்சு நடந்துக்கிட்டே இருக்காவ. டாக்டர்ட்ட போவோம்னா கேக்க மாட்டக்காவ. அண்ணாச்சி புது சீட் சொல்லியிருக்காவ, அது வந்தா சரியாயிரும்ங்காவ. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாவ."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பைக் ஓட்டுறவங்களுக்கு இது சகஜம்மா. ஷாஜி அடுத்த சீட்ல நடுவுல ஒரு பள்ளம் வெட்டித் தரேன்னு சொல்லியிருக்கார். எலும்பு எதுலயும் படாது. அதையும் பார்த்துட்டு டாக்டர்ட்ட போகலாம்."

பேச்சியம்மாள் தலையாட்டினார். வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

குப்புறப் படுத்திருக்கிற மனிதனுக்கு எந்த பைக் சீட் வலி கொடுக்கும்? ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தோன்றுகிற கேள்வி. எனக்குத் தோன்றவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது... ஆனால் தோன்றியது. படி இறங்கும்போதே தோன்றியது. மூன்றாவது சீட் சரியாக வந்துவிட்டால் நான் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடும் — அந்த ஆசை அதை ஓரமாகத் தள்ளிவிட்டது. ஹம்பியில் ரூம் போட்டாயிற்று. நீங்கள் வேறு காத்திருந்தீர்கள்.

யோசனை சொல்கிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முதல் தடவை சொல்வது எதிராளிக்காக. இரண்டாவது தடவையிலிருந்து சொல்வது, முதல் தடவை சொன்னதைக் காப்பாற்றுவதற்காக. எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

ஒரு மாதம் கழித்து மூன்றாவது சீட் வந்தது. நடுவில் பள்ளம், பின்னால் சாய்மானம், கறுப்பு ரெக்ஸினில் சாம்பல் நிறத் தையல். பார்க்க அழகாக இருந்தது. சுயம்பு கடை வாசலிலேயே ஏறி உட்கார்ந்தார். ஒரு நிமிடம் கண்ணை மூடியிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அண்ணாச்சி. குத்தம் சொல்ல முடியாது."

எனக்காகச் சொன்னார். அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை.

நாலாவது நாள், ஒரு ஃப்ளாட்டில் டைல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது அவருடைய இடது கால் மடங்கியது. தடுக்கவில்லை, வழுக்கவில்லை. கால் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். கூட வேலை பார்த்தவர்கள் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்கேன் முடிந்திருந்தது.

முதுகெலும்பு முடிகிற இடத்தில், எலும்புக்குள்ளேயே ஒரு கட்டி. மெதுவாக வளர்கிற வகையாம். மெதுவாக வளர்ந்து, பக்கத்து நரம்புகளைச் சுற்றிப் பிடித்திருந்தது.

டாக்டர் ஒரு மலையாளிப் பெண்மணி. பேச்சியம்மாளுக்குப் புரியட்டும் என்று தமிழ் கலந்து நிதானமாகப் பேசினார்.

"வேதன தொடங்கி எவ்வளவு நாளாச்சு?"

"எட்டு மாசம்" என்றார் பேச்சியம்மாள்.

"எட்டு மாசமா? அத்தன நாள் எந்தா செஞ்சீங்க?"

பேச்சியம்மாள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. பதில் தெரிந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சீட் மாற்றிக்கொண்டிருந்தோம் என்று டாக்டரிடம் யார் சொல்வது? தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல டைல்ஸ். அவர் கூட்டாளிகள் யாராவது ஒட்டியிருக்கலாம்.

பேச்சியம்மாள் மருந்து வாங்கப் போன பிறகு டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "முன்னாடியே வந்திருந்தா...?"

"கொஞ்சம் நரம்பு கூடுதலா காப்பாத்தியிருக்கலாம். இருக்கலாம்னுதான் எனக்குச் சொல்ல முடியும்" என்றார்.

அந்த 'இருக்கலாம்' இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஷாஜி ஆஸ்பத்திரிக்கு வந்தார். சுயம்புவின் கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வராந்தாவில் என்னிடம் சொன்னார். "அன்னிக்கே எனக்கு ஒரு சம்சயம் உண்டாயிருந்தது சாரே. இது வேற எந்தோ அசுகம் போலன்னு. பின்ன சார் அவ்வளவு உறப்பாச் சொன்னப்போ நான் மிண்டல."

மிண்டல என்றால் வாய் திறக்கவில்லை என்று அர்த்தம். வாய் திறக்க நான் எங்கே இடம் கொடுத்தேன்?

ஆபரேஷன் ஒன்பது மணி நேரம் நடந்தது. எலும்பில் ஒரு பகுதியை எடுத்தார்கள். கூடவே சில நரம்புகளும் போயின. சுயம்பு இருக்கிறார். அதை முதலில் சொல்லவேண்டும், இருக்கிறார். ஊன்றுகோல் வைத்து நடக்கிறார். இடது பாதம் தூக்க வராது, தரையில் இழுபடும். சிறுநீர் தானாகப் போகாது, அதற்கு ஒரு குழாய். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கவேண்டும். ஸ்கேன் வருகிற வாரம் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. பேச்சியம்மாள் இப்போது ஒரு ஹோட்டலில் சமையல் வேலைக்குப் போகிறார். பைக்கை வள்ளியூரில் ஒரு மச்சினர் கொண்டுபோய்விட்டார். நானும் என்னுடையதைக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போகிறேன். அவர் ஒருக்களித்துப் படுத்திருப்பார், நான் நாற்காலியில் இருப்பேன். ஓரிடத்துக்கும் போகாமல் இரண்டு பேர் பேசுவதற்கு எவ்வளவு குறைவாக விஷயம் இருக்கிறது என்பது அங்கேதான் தெரிந்தது. மழை, கிரிக்கெட், புதிதாக வந்த பாலம். பேச்சியம்மாள் காப்பி கொண்டுவந்து வைப்பார். "குடிங்க" என்பார். ஆபரேஷனுக்குப் பிறகு என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

இதைப் படிக்கிறவர்களில் நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் இருப்பீர்கள். நல்ல சீட் தையுங்கள். கெட்டியான ஃபோம் போடுங்கள். ஆனால் வண்டியை விட்டு இறங்கிய பிறகும் வலி கூடவே வந்தால், படுத்த பிறகும் விடாவிட்டால், தயவுசெய்து என்னைப்போல ஒரு ஆளிடம் யோசனை கேட்காதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

பங்கில் அந்த வாசகரைப் பார்த்துவிட்டு நேராக சுயம்பு வீட்டுக்குத்தான் போனேன். எல்லாவற்றையும் எழுதப்போகிறேன், பெயரையும் போடட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க அண்ணாச்சி. பேரைப் போட்டா என்ன? ஆனா ஷாஜியப் பத்தி ஒண்ணும் மோசமா எழுதிராதீங்க. பாவம், அவரு வேலைய ஒழுங்காத்தான் செஞ்சாரு."

என்னைப் பற்றி என்ன எழுதட்டும் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.