ஒயர் அறுந்த குமிழ்

இதைச் சொன்னால் எதிரே இருப்பவர் முகத்தில் மெல்லிய சிரிப்பு ஒன்று வரும். வரட்டும். அன்று அந்தப் பழைய மீனவர் வீட்டில், ஒன்றரை மாதக் குழந்தையோடு தனியாக நின்றவள் நான். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

அபர்தீனில் ஜனவரி மாதம். மதியம் தாண்டியதுமே இருட்டத் தொடங்கிவிடும். என் கணவன் ஃப்ரேசர் வட கடலில், எண்ணெய் மேடையில் வேலையாக இருந்தான். எங்கள் மகள் ஊனா குறைமாதத்தில் பிறந்தவள். அவள் அறை சில்லிடவே கூடாது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். அதற்காகவே, போனில் சூட்டை ஏற்றி இறக்கும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கினோம்.

நானே பொருத்தினேன். மெயினை அணைத்து, பழைய தெர்மோஸ்டாட்டின் இரண்டு ஒயர்களையும் வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரிலிருந்து கழற்றிவிட்டு, புதியதை இணைத்தேன். கூடத்துச் சுவரில் இருந்த, சூட்டளவைத் திருப்பி வைக்கும் பழைய குமிழை மட்டும் எடுக்கவில்லை. அதன் பின்னால் சுவர்க்காகிதம் இல்லை. எடுத்தால் ஓட்டை அசிங்கமாகத் தெரியும். பின்பக்க ஒயரை நறுக்கிவிட்டு அப்படியே மாட்டி வைத்தேன். செத்த பொருள்தானே.

நாலு மணி இருக்கும். ரேடியேட்டரைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சூட்டைக் கூட்டினாலே முகம் சுளிக்கும் குடும்பம் ஃப்ரேசருடையது. போன் போட்டேன்.

"கடல்ல உக்காந்துக்கிட்டு ஹீட்டரைக் குறைக்கிறியா?"

"நானா? இப்பதான் போனையே கையில எடுக்கிறேன். ரெண்டு ஸ்வெட்டர் போடும்மா, எங்கப்பா சொல்ற மாதிரி."

"உன் பொண்ணுக்கு யாரு போடறது?"

சிரிப்பு நின்றது. "இங்க என் போன்ல இருபது டிகிரிதான் காட்டுது, இஷ்பெல். நான் தொடல. சத்தியமா."

அப்போது, என் தோளுக்குப் பின்னால்...

டக்.

பழைய குமிழ். காலையில் இருபதில் இருந்தது, இப்போது பத்தில் நின்றது. போனை அணைக்காமலே மேசைமேல் வைத்துவிட்டு, குமிழை இருபதுக்குத் திருப்பினேன். சமையலறையில் பாய்லர் உறுமிக்கொண்டு எழுந்தது.

ஒயரே இல்லாத குமிழுக்கு.

விரலை எடுத்தபோதுதான் உறைத்தது. வீடே சில்லிட்டுக் கிடக்க, குமிழ் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. சற்றுமுன்வரை யாரோ பிடித்திருந்ததைப்போல.

டக். மறுபடியும் பத்து. பாய்லர் அடங்கியது. போனை எடுத்தேன், இணைப்பு அறுந்திருந்தது.

தலை விண்விண்ணென்று வலித்தது. பயத்தைவிட எனக்கு வெட்கமே அதிகம். 'பிள்ளை பிறந்தபிறகு இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது' என்று யாராவது சொல்வார்கள். முதலில் சொல்பவள் நானாகத்தான் இருப்பேன்.

ஸ்க்ரூடிரைவரால் அதைச் சுவரிலிருந்து நெம்பி எடுத்தேன். சமையலறை இழுப்பறையில் போட்டு அறைந்து மூடினேன். பாய்லர் மறுபடி எரிந்தது. அதற்கு நேர் மேலேதான் ஊனாவின் அறை. மாடிக்குப் போய் அவள் பக்கத்தில் படுத்தேன். சூடு ஏறியது. கண் சொருகியது...

டக்.

கீழே. இழுப்பறைக்குள்ளிருந்து.

பாய்லர் நின்றது.

டக். டக். டக்.

ஊனாவைக் கோட்டுக்குள் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கால் துவண்டது. அவள் அழவில்லை... தலை தொங்கியது... தெருவின் பனிக்காற்று முகத்தில் அறைந்த பிறகுதான் வீறிட்டாள்.

அன்றிரவு பக்கத்து வீட்டில் தங்கினோம். காலையில் கேஸ் மெக்கானிக் ஆர்ச்சி வந்து பார்த்தார். புகைக்குழாயின் மூட்டு கழன்று, பாய்லரின் விஷவாயு மாடியறைக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

"விஷவாயு அலாரம் கத்தலையா தாயி?"

அதன் பேட்டரியைக் கழற்றி ஊனாவின் தாலாட்டுப் பொம்மையில் போட்டிருந்தேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் எரிஞ்சிருந்தா..." என்றார். குமிழைப் பற்றிச் சொன்னேன். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுல ஒயரே இல்ல. அந்த வாயு மூளையைக் குழப்பிடும்மா. இல்லாத சத்தமெல்லாம் கேக்கும்."

எவ்வளவு பெரிய நிம்மதி அது! எனக்குப் பைத்தியம் இல்லை. பேயும் இல்லை. வெறும் வாயு. அந்த நிம்மதியிலேயே பத்து நாள் தூங்கினேன்.

பிறகு ஃப்ரேசர் கரைக்கு வந்தான். ஊனாவை மார்பில் சாய்த்துக்கொண்டு, அவள் விழித்துவிடாதபடி மெதுவாகக் கேட்டான்.

"அன்னிக்கு வீட்டுல யாரு இருந்தது?"

"யாரும் இல்லையே."

"போனை மேசைமேல வச்சிட்டுப் போனியே... அப்ப ஒரு பெரியவர் குரல் கேட்டுச்சு. நம்ம ஊர் மீனவங்களோட பழைய பேச்சு. 'வேணாம் மகளே... சூட்டை ஏத்தாத'ன்னார். அப்புறம் டக்குன்னு ஒரு சத்தம்."

நடுக்கடலில், சுத்தமான காற்றில் நின்றுகொண்டு அவன் அதைக் கேட்டிருக்கிறான்.

குமிழைத் திருப்பிக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் குரல் கேட்கவே இல்லை.