றைஸா மிஸ் வாட்டுக்குப் போகவில்லை

பாலாவியில் பஸ் ஏறினால், ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவதற்குள் றைஸா பாதி பஸ்ஸோடு கதைத்து முடித்திருப்பாள். பக்கத்தில் இருப்பவருக்குச் சீனி வருத்தமா, பின்னால் நிற்பவளின் மகனுக்கு வேலை கிடைத்ததா, எல்லாம் அவளுக்குத் தெரிய வேண்டும். யுத்தம் முடிந்து சில வருடங்களில் அவள் தாதியாக வேலைக்கு வந்தபோது, வாட்டுக்கென்றே பிறந்தவள் என்றார்கள்.

மேற்பார்வைத் தாதி எமிலியா சிலாபத்துக்காரர். நோயாளிகள் தங்கும் வாட்டிலும் ஒப்பரேசன் தியேட்டரிலும் அவளை மாறி மாறிப் போட்டுப் பார்த்துவிட்டு, எது வேண்டுமென்று யோசித்துச் சொல்லச் சொன்னார்.

உம்மாவுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"வாட்டையே கேளு மகள். தியேட்டர்ல வாயை மூடிக்கிட்டு நிக்க உனக்கு ஏலாது."

றைஸாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். தியேட்டரில் நின்று நின்று கால் வேறு வீங்கியது.

அந்தக் கிழமை எத்தாளையிலிருந்து பத்திநாதர் என்ற மீனவர் குடலிறக்க ஒப்பரேசனுக்கு வந்தார். பெரிய உடம்பு. தியேட்டர் மேசையில் படுத்ததும் நடுங்கத் தொடங்கினார். மற்றவர்கள் தங்கள் வேலையில் இருந்தார்கள். றைஸா அவர் காதருகே குனிந்தாள்.

"ஐயா, இப்ப என்ன மீன் படுது?"

"சூடைதான் பிள்ளை."

"பொரிக்கிறதா, ஆணம் வெக்கிறதா?"

"பொரிக்கோணும். மனுசி மஞ்சளைக் கூடப் போட்டுக் கெடுத்துப்போடும்."

நடுக்கம் நின்றது. மனைவியின் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே அவர் தூங்கிப்போனார்.

மறுநாள் வாட்டில் அவர் கட்டிலைச் சுற்றி மனைவி, மகள்மார், பக்கத்துக் கட்டில்காரர்கள். முகக்கவசம் இல்லாத றைஸாவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. குரல் கேட்டதும்தான் சிரித்தார்.

அன்றே அவள் எமிலியாவிடம் போனாள்.

"எனக்கு தியேட்டரைத் தாங்க மிஸ்."

"அங்க ஆரோட கதைக்கிற நீ?"

"வாட்டுல அவங்களுக்குக் கதைக்க ஆள் நிறைய இருக்கு மிஸ். மேசையில படுக்கக்குள்ளதான் ஒருத்தரும் இல்ல."

எமிலியா சிங்களத்தில் சம்மதம் சொன்னார். "ஹரி. கால் நோகுது எண்டு பிறகு வரப்படாது."

கால் நொந்தது. உம்மா ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் நாளடைவில், "றைஸா மிஸ் கதைச்சு முடியட்டும்" என்று மயக்க மருந்து டொக்டரே காத்திருக்கப் பழகிக்கொண்டார்.

சில வருடங்களின் பின் பித்தப்பைக் கல்லுக்காக உம்மாவையே அதே தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். றைஸா பக்கத்தில் நின்றாள். வாயில் ஒரு சொல் வரவில்லை. உம்மாதான் அவள் கையைப் பிடித்தார்.

"காலையில என்ன திண்ட மகள்?"

மயக்க மருந்தில் கண் செருகும்வரை உம்மாவே கதைத்துக்கொண்டிருந்தார்.