ஒரு தட்டில் பாஸான சென்சார்

இதை எழுத நாலைந்து வருஷம் தயங்கினேன். எழுதினால் மானம் போகும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

நான் ஐ.டி.ஐ. படித்தவன். வீடு ஸ்ரீரங்கத்தில், வேலை திருச்சியில் ஒரு சோதனைக்கூடத்தில். ராணுவக் கருவிகளுக்குள் பொருத்தும் சென்சார்கள் எங்களிடம் வரும். சுண்டுவிரல் நகத்தில் பாதிதான் இருக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு தகடு ஆடும். அதை வைத்துத்தான் கருவி எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியவரும். அவற்றைக் குளிரில் வைப்போம், சூட்டில் வாட்டுவோம், மேஜையில் பூட்டி உலுக்குவோம். தாங்கினால் பாஸ்.

ஒவ்வொன்றையும் பூட்டும்போது, "ரங்கா, இது பாஸாகணும்" என்று வேண்டிக்கொள்வேன். என்னவோ நான் பெற்ற பிள்ளை பரீட்சைக்குப் போகிற மாதிரி.

ஒருநாள் உலுக்கி எடுத்த சென்சார் ஒன்று பேசவில்லை. எப்படிச் சாய்த்தாலும் திரையில் ஒரே எண். டிவி ரிமோட் மக்கர் செய்தால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். பெருமாளை நினைத்துக்கொண்டு ஸ்குரூடிரைவர் பிடியால் ஒரு தட்டு. எண் ஓட ஆரம்பித்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, தாளில் 'பாஸ்' என்று எழுதினேன்.

வீட்டில் பெருமையடித்தேன். என் மனைவி தோசைக்கல்லை விட்டுத் திரும்பாமலே கேட்டாள்: "சண்டை நடக்குற எடத்துல அது நின்னுபோனா, தட்டுறதுக்கு உங்களையும் அனுப்புவாங்களாங்க?"

அந்தச் சென்சாரை நம்பி ஒரு சிப்பாய் நிற்பான் என்பது அப்போதுதான் இந்த மண்டைக்கு உறைத்தது. பெருமாள் என்னிடம் பேசியதென்றால் அவ்வளவுதான். அதுவும் என் மனைவி குரலில்.

காலையில் சன்னதியில் நின்றேன். எதை வேண்டுவதென்றே தெரியவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று நேரே எங்கள் இன்ஜினியர் அம்மாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். என் மகள் வயதுதான் அவருக்கு. திட்டவில்லை.

"அண்ணே, உள்ள தகடு ஒட்டிக்கிட்டிருந்திருக்கு. நீங்க தட்டுனதும் விட்டிருச்சு. எது ஒட்டும்னு கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனையே. எல்லாம் பாஸாகணும்னு வேண்டிக்கிற ஆள வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

என் கையாலேயே 'பாஸ்' என்பதை அடித்து, 'பெயில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வைத்தார். அந்தச் சென்சார் வந்த பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் மறுபடி உலுக்கினோம். இன்னும் இரண்டு ஒட்டின. பெட்டியோடு, செய்த கம்பெனிக்கே திருப்பி அனுப்பினோம். வேலை போகவில்லை, ஸ்குரூடிரைவர் மட்டும் அந்த அம்மாவின் மேஜைக்குப் போனது.

சொந்தக்காரர்கள் சிலர், செத்த சென்சாருக்குப் பெருமாள் என் கையால் உயிர் கொடுத்தார் என்று சொல்லித் திரிகிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். யாரிடம் சொன்னாலும், தப்பாகப் பாஸ் போட்டவன் நான் என்பதையும் சேர்த்து, கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்.