விமானத்துக்கு ஒரு தேசிக்காய்

என் மகள், இங்கே ஜெர்மனியில் உள்ள தளத்தில் இருந்த ஓர் அமெரிக்க விமானப்படைக்காரரைக் கல்யாணம் செய்தபோது எங்கள் ஆட்கள் வாய்க்கு வந்தபடி கதைத்தார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல பிள்ளை. கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார், என்னை ‘மாமி’ என்றுதான் கூப்பிடுவார். நானும் அவரும் ஜெர்மன் பாஷையில் கதைப்போம். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் தேறாத என் ஜெர்மனைவிட அவருடையது மோசம் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி.

பிறகு அவரை இங்கிலாந்தில் உள்ள தளத்துக்கு, ஒரு புதுமாதிரி விமானத்துக்கு மாற்றினார்கள். ஹெலிகொப்டர் போல நின்ற இடத்திலிருந்து எழும்பும். மேலே போனதும் இறக்கை நுனியில் இருக்கிற எஞ்சின்களை முன்னால் சரித்துக்கொண்டு சாதாரண விமானம்போலப் பறக்கும். அது பறக்கும்போது பின்பக்கத்தில் அவருக்கு வேலை. இரண்டும்கெட்டான் சாமான் என்று முதல் நாளே எனக்குப் பட்டது.

நான் முதியோர் இல்லமொன்றில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். அங்கே கூட வேலை செய்கிற ஒருத்திதான், அது அடிக்கடி விழுகிறதாமே என்று கேட்டாள். ஃபோனில் தேடினேன். தேடியிருக்கக்கூடாது. பயிற்சியில் விழுந்திருக்கிறது, பாலைவனத்தில் விழுந்திருக்கிறது. நான் தேடிப் பார்த்த கொஞ்ச நாளில் ஜப்பானுக்குப் பக்கத்துக் கடலிலும் ஒன்று விழுந்து, உள்ளே இருந்த ஒருவரும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு அந்த வகை விமானம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் தரையிலேயே நிறுத்தி வைத்தார்கள். அந்த மாதங்களில்தான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். பிறகு, அவசரத்துக்கு இறங்க ஓர் இடம் கிட்டவே இருக்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு மறுபடி பறக்க விட்டார்கள். அப்படிக் கட்டுப்பாடு போடுகிறவர்களுக்கு அதில் எவ்வளவு நம்பிக்கை இருக்கும்?

மகள் பிள்ளைப்பேற்றுக்காக என்னோடு வந்து இருந்தாள். மருமகன் லீவில் வந்து போவார். ஒருமுறை அவர் திரும்பிப் போகப் புறப்பட்ட நாளில் நான் ஒரு காரியம் செய்தேன்.

எங்கள் ஆட்கள் கார் வாங்கினால் நம்பர் தகடு பூட்டின கையோடு கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். ஐயர் பூசை செய்து நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய், அதுதான் எலுமிச்சம்பழம், வைப்பார். அதை நசுக்கிக்கொண்டு காரை எடுக்கவேண்டும். மருமகனும் தன் காரை அப்படித்தான் எடுத்தார். விமானத்துக்கும் சில்லு இருக்கிறதுதானே. அம்மன் காலடியில் வைத்து எடுத்த தேசிக்காய்களை ஒரு பையில் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

“மாமி, விமானம் நிற்கிற இடத்தில் ஒரு சின்னக் கல்லுக்கூடக் கிடக்கக்கூடாது. நாங்கள் வரிசையாக நடந்து எல்லாவற்றையும் பொறுக்குவோம். எஞ்சின் உறிஞ்சினால் ஆபத்து.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “வெளியில் கிடக்கிற கல்லைப் பொறுக்குகிறீர்கள். உள்ளே இருக்கிற பிழையை என்ன செய்தீர்கள்?”

அவர் போட்டிருந்த சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார். “கியர்ப் பெட்டியில் பிழை என்று தெரியும். எல்லாவற்றிலும் புதியது மாற்றி முடிக்க வருஷங்கள் ஆகும்.”

“அதுவரைக்கும்?”

“பறப்போம்.”

ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அவர் போனபிறகு மகளைப் பிடித்துக்கொண்டேன். “விட்டிட்டு வரச் சொல்லு. இஞ்ச ஏதாவது வேலை பாக்கலாம்.”

“ஏலாதம்மா. கையெழுத்து வைச்ச காலம் முடியோணும்” என்றாள். “நான் கேக்கேல்லை எண்டு நினைக்கிறியளோ?” அவள் அழவில்லை.

அந்த வருஷத் தேருக்கு நானும் அவளும் ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போனோம். சனத்துக்குள் இடிபடாமல் அவளை ஓர் ஓரமாக நிறுத்திவிட்டு, தேர் எங்களுக்கு முன்னால் வந்தபோது கையைக் கூப்பினேன். விழக்கூடாது தாயே என்று தொடங்கினேன். மேலே சொல்ல வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் பதுங்குகுழிக்குள் குந்தியிருந்த பெட்டையாக நானும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறேன். அப்போது கேட்டது வேறு. குண்டு போட மேலே சுற்றுகிற விமானம் விழவேண்டும், உள்ளே இருக்கிறவன் சாகவேண்டும். ஒருநாள் ஒன்று உண்மையாகவே விழுந்தது. சந்தியில் கற்கண்டு கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன். எங்கள் தலையில் குண்டு போட்டவனுக்காக நான் இன்றைக்கும் அழமாட்டேன். ஆனால் அவனுக்கும் ஒரு மாமி இருந்திருப்பாள். தன் மகள் பாவம், அவன் பத்திரமாக இறங்கவேண்டும் என்று அவளும் எங்கேயோ கும்பிட்டிருப்பாள். அன்றைக்குப் பலித்தது என்னுடைய கும்பிடுதான்.