அக்கேஷனல்

எங்கள் வீட்டில் யாரும் குடித்ததே இல்லை. அண்ணன் ‘ஹை’யாக இருந்தான், அவ்வளவுதான்.

சிட்லபாக்கத்தில் அக்கம்பக்கம் கேட்டுவிடுமே என்று அம்மாவுக்கு எப்போதும் பயம். திருமுடிவாக்கத்தில் வேலை முடிந்து அவன் தள்ளாடி வந்தால், “இன்னிக்குக் கொஞ்சம் ஹை” என்பாள். ஷூவோடு ஹாலில் விழுந்தால், “டைட்டா இருக்கான், விடு.” கூப்பிட்டும் எழாவிட்டால் ‘ஃபிளாட்’. குடிகாரன் என்ற சொல்லை ஒயின்ஷாப் வாசலில் கிடப்பவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தோம். நாங்கள் கௌரவமான குடும்பமாயிற்றே!

போன வருஷம் பைக்கிலிருந்து விழுந்து அவனுக்குக் கால் முறிந்தது. ஆபரேஷனுக்கு முன் டாக்டர் என்னிடம் கேட்டார்: “குடிப்பாராம்மா? தினமுமா? மறைக்காம சொல்லுங்க.”

பக்கத்தில் அண்ணியின் அப்பா நின்றிருந்தார். “அக்கேஷனல், டாக்டர், எப்பவாவதுதான்” என்றேன். டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அண்ணனுக்குக் கை நடுங்கியது. சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கத்தினான். பிறகு வலிப்பு வந்தது.

“தினம் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா இப்படி ஆகும்மா. சொல்லியிருந்தா முதல் நாளே மருந்து ஆரம்பிச்சிருப்போமே!” என்றார் டாக்டர்.

“தினமும் குடிப்பான் டாக்டர், பத்து வருஷமா குடிக்கிறான்” என்று அப்போதுதான் கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் போய்விட்டான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா, “ஹார்ட் அட்டாக்” என்றாள். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன், பாவி.